ஒழித்தல்

குலசேகரத்தில் ஊற்றுவதற்கு ஒழிப்பது என்று பேர்.
சாயா ஒழி, குழம்பு ஒழி,
பாலில் ஆசிட் ஒழி.
விருதுநகரிலிருந்து வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு புரிந்தது
சொல் சரியாகத்தான் இருக்கிறது.

ரப்பர் பாலின் ஒவ்வொரு துகளுக்கும்
புரதத்தில் ஒரு சட்டை,
சட்டை முழுக்க எதிர்மின்னூட்டம்.
பக்கத்தில் வந்தால் தள்ளும், மறுபடி வந்தால்
மறுபடி தள்ளும்.
அந்தப் பிணக்கில்தான் பால் பாலாக இருக்கிறது.
ஃபார்மிக் ஆசிட் ஒழித்தால்
பிணக்கு ஒழியும்.
டிஷ்ஷில் விரலால் அமுக்கினால்
குழிந்து மேலே வரும் வெள்ளைக் கட்டி.
ஆறப்போடாமல் பாலாகவே லாரியேற்ற வேண்டுமென்றால்
அமோனியா.

இதையெல்லாம் தாசய்யன் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று
என் அறிக்கையில் எழுத இடமில்லை.

எங்கள் ஆய்வகம் புகைக்கூடத்துக்கு அடுத்த காம்பவுண்டு.
என் கோட்டில், என் கூந்தலில்,
மதியச் சோற்றில் ஷீட் புகை.
என் புரதத்துக்கு எழுத்தும் எண்ணுமாக
பஸ் நம்பர் போலொரு பெயர்.
மடியத் தெரியாத நீள வால் அதற்கு.
வாலில் கூட்டல், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
கூட்டல், கழித்தல், கூட்டல்.
குழாயில் தெளிந்த தண்ணீராகக் கிடக்கும்.
கழித்தலே உடம்பான ஆர்.என்.ஏ.யைக் கொஞ்சம் விட்டால்
கஞ்சித்தண்ணீராகக் கலங்கும்.
லென்சுக்கடியில் பார்த்தால் சொட்டுகள்:
தொட்டதும் ஒன்றாகி
உடனே உருண்டையாகிவிடும்
சுவரில்லாத அறைகள்.
இப்படித்தான் செல் தனக்குள்
வேலிபோடாமல் பாகம் பிரிக்கிறது.

உப்பைக் கூட்டினால் அறைகள் காணாமல்போகும்.
உப்பு வந்து
ஒவ்வொரு கூட்டலுக்குப் பக்கத்திலும்
ஒரு கழித்தலை உட்காரவைத்துவிடும்.
அப்புறம் யாரும் யாரையும் தேடுவதில்லை.

மாசியில் தாசய்யனின் கத்தி
பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கியது.
முந்நூறு மரத்தில் ஒரு மரம் என்று முதலாளி விட்டுவிட்டார்.
பங்குனியில் பதினோரு மரம்.
அப்புறம் சட்டைப் பொத்தான்.
திருவனந்தபுரத்தில் நரம்பு டாக்டர்
ஆங்கிலத்தில் ஒரு பெயரெழுதிக் கொடுத்தார்.
அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு
எனக்குப் பால் கொண்டுவந்தார், வழக்கம்போல, சோடா பாட்டிலில்.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும் என்றார்.
காட்டினேன்.
"இது நம்ம பாலுல்லா."

அடுத்த தட்டில் அதே புரதம்தான்.
ஒரே ஓரிடத்தில் ஒரு கழித்தல் போய்விட்ட வகை.
முதல் நாள் சாயங்காலம் அதுவும் சொட்டுதான்.
விடியற்காலை
தொட்டும் சேராமல், ஓரத்தில் முள் கிளம்பி.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இது ஒட்டுபாலு."

(மரத்திலேயே காய்ந்து வரியோடு பிடித்துக்கிடப்பது.
சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.)

அவர் நரம்பில் இதுதான் நடக்கிறதென்று
நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.
அவரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது வேறு:

"எனக்க கைக்கு ஒழிக்க
ஒரு அமோனியா உண்டுமா பிள்ளே?"

உண்டு.
செல்லே வைத்திருக்கிறது:
வாலில் ஆங்காங்கே பாஸ்பேட்டை ஒட்டும்,
கழித்தல் பெருகும், சொட்டு இளகும்.
நான் பத்து மைக்ரோலிட்டரில் செய்திருக்கிறேன்,
முள் கிளம்புமுன் சேர்த்தால் மட்டும்,
கண்ணாடித் தட்டில்,
மூன்று தடவை செய்து இரண்டு தடவை.
இதை எந்தத் தமிழில் சொல்வது?
"பாத்துட்டு இருக்கேன்" என்றேன்.
"பாரு" என்றார்.

மழை பிடித்திருந்தது. நாளைக்கு வெட்டு இல்லை.
கேட்டுப் பக்கம் போய்க்
கொண்டியில் விரலை வைத்தார். வழுகியது.
இரண்டாம் தடவை
வலது கையை இடது கையால் தூக்கி வைத்தார்.
நான் ஜன்னலில் நின்றேன்.
போய்த் திறந்துவிடலாம், பத்தடிதான்.

நாலாவது தடவை திறந்தது.